அவர் பரீட்சைக்கு நான் கொடுத்த கோச்சிங்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. பரீட்சை எழுதியதுகூட நான் இல்லை, என் வீட்டுக்காரர்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எல்லாம் வசந்தாவால் வந்தது. சான் ஹோசேயில் இருக்கும் என் சிநேகிதி. அவள் கணவர் மோகனுக்கும் என் கணவர் சேகருக்கும் ஒரே வியாதி, சிஓபிடி. அதாவது நாள்பட்ட நுரையீரல் நோய். சேகருக்கு இது முப்பது வருஷம் ஊதித் தள்ளியதன் பலன். சிகரெட்டை விட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது... நுரையீரல் இன்னும் மன்னிக்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் பேத்தியின் போட்டோவை ரசிப்பது போல் நடிப்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வியாதி ஒன்றுதான். ஆனால் வசந்தா வீட்டு வியாதிக்கு ஒரு களை இருக்கிறது! மோகன் சின்ன ஆக்ஸிஜன் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு லிவர்மோர் கோயிலுக்கு வருகிறார். நிதானமாகப் பிரகாரம் சுற்றுகிறார். புளியோதரை சாப்பிடுகிறார். நாலு பேர் சூழ்ந்து நின்று விசாரிக்கிறார்கள். நான் சேகரிடம் அதே மாதிரி ஒன்று டாக்டரிடம் கேட்கலாமே என்றால், "எதுக்கு? நான் என்ன பேஷண்டா?" என்பார். மோகன் மூக்கில் இருக்கும் குழாய்மேல் எனக்குப் பொறாமை. இப்படியும் ஒரு பொறாமையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இந்த நிலையில்தான் வசந்தா போன் செய்தாள். இந்த நோய் இருப்பவர்களுக்கு ஞாபகசக்தியும் குறைகிறதா, குறைந்தால் ஏன் என்று அவர்கள் ஊரில் ஆராய்ச்சி நடக்கிறதாம். மோகன் சேர்ந்துவிட்டாராம். ஊதுகிற டெஸ்ட், நடக்கிற டெஸ்ட், கடைசியில் மெமரி டெஸ்ட்.

"மெமரி டெஸ்ட் எப்படிடி போச்சு?"

"ரொம்ப நல்லா போச்சுடி. நீயும் சேகர கூட்டிட்டுப் போ."

ரொம்ப நல்லா போச்சு! வயிறு எரிந்தது எனக்கு. அவள் பையனுக்குக் காலேஜ் கிடைத்தபோதும் இதே வார்த்தை, இதே குரல். என் பெண் வெயிட்லிஸ்டில் கிடந்த வருஷம் அது. மறப்பேனா?

பொறாமை மட்டும்தான் காரணம் என்றால் நான் இத்தோடு நிறுத்தியிருப்பேன். இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பேத்தி நிலா முதல் வகுப்பு படிக்கிறாள். சான் ஹோசேயிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் டப்ளின் எங்கள் ஊர்; வீட்டிலிருந்து அவள் ஸ்கூல் காரில் பத்து நிமிஷம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போவதால், மத்தியானம் குழந்தையைக் கூட்டி வருவது சேகரின் பொறுப்பு. ரிட்டையரான மனிதருக்கு இருக்கும் ஒரே உத்தியோகம். அதற்கு இஸ்திரி போட்ட சட்டையில்தான் கிளம்புவார்.

போன மாதம் ஒருநாள் ஸ்கூலிலிருந்து எனக்குப் போன். குழந்தை ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள், யாரும் வரவில்லை. சேகர் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிஷம் தாமதம். ட்ராஃபிக் என்றார். என் போனோ, அவர் கார் அரை மணி நேரம் மளிகைக்கடை பார்க்கிங்கில் நின்றிருந்ததைக் காட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன்.

"எந்தப் பக்கம் திரும்பணும்னு... ஒரு செகண்ட் ப்ளாங்க் ஆயிடுச்சு" என்றார்.

மகளிடம் நான் என்ன சொன்னேன்? "ஏதோ ஆக்ஸிடென்ட்டாம், ரோட்டை மூடிட்டாங்களாம்." கூசாமல் சொன்னேன். அன்றிலிருந்து காற்று வாங்கும் சாக்கில் நானும் காரில் கூடப் போகிறேன். மகளுக்குத் தெரிந்தால் மறுநாளே நிலாவை ஆஃப்டர் ஸ்கூல் காப்பகத்தில் போட்டுவிடுவாள். அப்புறம் இந்த மனிதர் இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கே போவார்?

ஆகவே எனக்கு மார்க் வேண்டும். சேகரின் மூளை நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். அப்படியே மோகனைவிட ஒரு மார்க் கூடவும் வேண்டும்.

நம் ஆட்களுக்குப் பரீட்சை என்று காதில் விழுந்தாலே கை தானாகக் கேள்வித்தாளைத் தேடும் இல்லையா? வசந்தாவைக் குடைந்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்ததை வெள்ளந்தியாகச் சொன்னாள். ஐந்து வார்த்தை சொல்வார்கள், ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். லெமன், டிரெயின், விண்டோ, கோல்டு, சிஸர்ஸ்.

மூன்று வாரம் கோச்சிங். காலையில் எழுந்ததும் என்ன தேதி, என்ன கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். கடிகாரம் வரைதல். அப்புறம் அந்த ஐந்து வார்த்தை. தப்பாகச் சொன்னால் காபி லேட்டாகும். என் பெண்ணின் கணக்குப் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு கொடுமை செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை 680 ஃப்ரீவேயில் போகும்போது கடைசி ரிவிஷன். ஐந்துக்கு ஐந்து! எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் பெயர் கீர்த்தனா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷில். சேகரை ஓர் அறைக்குக் கூட்டிப் போனாள். எனக்கு அடுத்த அறையில் ஒரு ஃபார்ம் கொடுத்தாள். கூட இருப்பவர்கள் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? இல்லை. பெயர்கள் மறக்கிறாரா? இல்லை. பழகிய வழியில் குழம்பிப்போனது உண்டா? பேனா கொஞ்சம் தயங்கியது... இல்லை.

இடையில் கதவு லேசாகத் திறந்திருந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பெல். ரிவர். ஆனியன். கார்பெட். ஷர்ட்" என்றாள் கீர்த்தனா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நம் கேள்வித்தாளே இல்லையே! அவுட் ஆஃப் சிலபஸ்!

சேகர் உடனே திருப்பிச் சொன்னார். ஐந்தும் சரி. அப்பாடா என்று சாய்ந்தேன். கடிகாரம் வரைந்தார், கணக்குப் போட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அவள் மறுபடி கேட்டாள். பிறகு கணீரென்று ஒரு குரல்.

"லெமன், டிரெயின், விண்டோ, கோல்டு, சிஸர்ஸ்!"

"அங்கிள்... தோஸ் ஆர் நாட் தி வேர்ட்ஸ்."

"நோ, நோ. கரெக்ட்தான். ஆஸ்க் மை வைஃப்."

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக, பயம். மூன்று வாரம் நான் திணித்தது இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டது ஒன்றுகூட இல்லை. காணாமல் போயிற்று என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கீர்த்தனா என் அறைக்கு வந்தாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு அந்த வேர்ட்ஸ் யாரு சொன்னா?"

சொன்னேன். வசந்தா பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

"திஸ் இஸ் நாட் அன் எக்ஸாம், ஆன்ட்டி" என்றாள். லங்ஸ் பலவீனமானால் மூளைக்குப் போகிற ஆக்ஸிஜன் குறைவதாலா, உடம்பு முழுக்க இருக்கும் அழற்சியாலா, நடை குறைந்து மனிதர்கள் வீட்டிலேயே முடங்கிவிடுவதாலா... ஞாபகம் ஏன் தேய்கிறது என்று தங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்று, இங்கிலீஷும் தமிழுமாக விளக்கினாள். தெரிந்துகொள்ளத்தான் அங்கிள் மாதிரி ஆட்களைக் கூப்பிடுகிறார்களாம். நாங்கள் பொய் சொன்னால் அதுவும் ஆராய்ச்சிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு வேறு யாரோ ஒருவரின் வைத்தியம் அதை நம்பி நடக்கும்.

பிறகு என் ஃபார்மை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எனிதிங் யூ வான்ட் டு சேஞ்ச்?"

மாற்றினேன். பழகிய வழியில் குழம்பியது உண்டா? உண்டு. பக்கத்தில் எழுத இடம் விட்டிருந்தார்கள். மளிகைக்கடை பார்க்கிங், அரை மணி நேரம், ஸ்கூலில் காத்திருந்த குழந்தை, எல்லாம் எழுதினேன். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. கீர்த்தனா ஃபார்மை வாங்கிக்கொண்டு, இதை டாக்டரிடம் கொடுப்பேன், ராத்திரி ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள், அவர் சொல்லும்வரை அங்கிள் கார் ஓட்ட வேண்டாம் என்றாள். மெமரி டெஸ்டுக்கு இன்னொரு நாள் வர வேண்டும். "ப்ளீஸ், நோ கோச்சிங்!"

சேகர் பாத்ரூம் போன நேரத்தில் பார்க்கிங்கில் நின்று வசந்தாவுக்குப் போன் போட்டேன். சண்டை போடத்தான்.

"வார்த்தைய மாத்திட்டாங்கடி! மோகன் அன்னிக்கு எத்தன சொன்னார்?"

"ரெண்டு."

"ரெண்டா? ரொம்ப நல்லா போச்சுன்னு சொன்னியே!"

"ஆமாண்டி. ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். வெளிய சொல்லாம மூடி மூடி வச்சிருந்தேன். அன்னிக்கு ஒரு டாக்டர் உக்காந்து முழுசா கேட்டார். ராத்திரிக்கும் ஆக்ஸிஜன் குடுத்தாங்க, எக்ஸர்சைஸ் கிளாஸ் போட்டாங்க. நல்லா போகாம என்ன?"

பாருங்கள். உண்மை பேசுவதில்கூட என்னை முந்திவிட்டாள்!

சேகர் மெதுவாக நடந்து வந்தார். கார் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். இந்த முறை எதையும் பார்ப்பது போல் நடிக்கவில்லை.

"மூணு வாரமா எனக்கு பயம், மாலா" என்றார்.

"டெஸ்டுக்கா?"

"உன் மூஞ்சிக்கு. தப்பா சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அத பாக்கக் கூடாதுன்னுதான் அந்த அஞ்சையும் கெட்டியா புடிச்சு வச்சிருந்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "கீர்த்தனா சொல்லிச்சு. நிலாவ இனிமே நீயே ஓட்டிட்டுப் போய் கூட்டிட்டு வா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

நான் ஃப்ரீவேயில் ஓட்டிப் பல வருஷமாகிறது. வலது லேனை விட்டு நகராமல், ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற லாரிக்காரர்களின் ஹார்னை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். சூனோல் மேட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், சேகர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ மாதமாக அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

வசந்தாமேல் இருந்த பொறாமை அந்த மேட்டோடு இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த மனிதர்மேல் புதிதாக ஒன்று ஏறிக்கொண்டது.

அவருக்கென்ன, இனி மறைக்க ஒன்றுமில்லை, நிம்மதியாகத் தூங்கலாம் — சாயங்காலம் மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவள் நானல்லவா!