கஸ்தூரிக்கு ஏன் ஓட்டு விழவில்லை?

தேர்தலில் ஜெயித்தவர்கள் நன்றி சொல்ல வீடு வீடாக வருவார்கள், பார்த்திருப்பீர்கள். தோற்றவர்கள் வந்து பார்த்திருக்கிறீர்களா? நான் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பார்த்தேன் என்ன... கூடவே போனேன்.

கஸ்தூரி எனக்குப் பல வருஷமாக பிளவுஸ் தைப்பவள். திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு சந்தில் வீடு, முன்னறைதான் கடை. ராயபுரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போவேன். அளவு எடுத்து முடிப்பதற்குள் தெருக்கதை முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அந்தச் சந்தில் கொஞ்ச நாள் குடிதண்ணீரோடு சாக்கடை கலந்து வந்தது. குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. கஸ்தூரி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். குழாயை மாற்ற ஆள் வரும்வரை எழுந்திருக்கவில்லை. "நீயே கவுன்சிலருக்கு நில்லேன்" என்று தெருவே சொன்னது. நின்றாள் — சுயேச்சையாக. சின்னம், தையல் மெஷின்.

முடிவு? அவளுக்கு விழுந்த ஓட்டு, அந்தச் சந்தில் இருக்கும் வீடுகளைவிடக் குறைவு.

ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கோவம் இல்லக்கா. ஏன் போடலன்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான். தனியா போனா சண்டைக்கு வந்துகீறான்னு நெனைப்பாங்க. நீயும் வா."

எனக்கும் ஆர்வம்தான். இந்தப் பக்கம் யார் எந்தக் கட்சி என்று சொல்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். சந்தின் இந்த முனையில் ஒரு கட்சிக் கொடி, அந்த முனையில் இன்னொன்று. அப்பா ஃபேக்டரியில் எந்த யூனியனோ, பிள்ளைக்கு அந்தக் கட்சி. மருமகளாக வந்தால் புகுந்த வீட்டுக் கட்சி. இதில் என்ன புதிர்?

முதல் வீடு டில்லி நைனாவுடையது. ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். எங்களைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"உள்ள போவ சொல்ல உனக்குத்தான் போடணும்னு நெனச்சிகினு போனேன் கஸ்தூரி. மெஷின் முன்னாடி நின்னா, கை பழைய சின்னத்துக்கே பூடுச்சு. இன்னா பண்றது... அந்தக் கை அப்படியே பழகிகீது."

பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கஸ்தூரி தலையாட்டிக்கொண்டாள்.

அடுத்து மளிகைக்கடை அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர்.

"ஒனக்குப் போடக்கூடாதுன்னு இல்லம்மா. நீ ஜெயிக்க மாட்டன்னு எல்லாரும் சொன்னாவ. பொறவு எதுக்கு ஓட்ட வீணாக்கணும்?"

"எல்லாரும்னா யாரு அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "எல்லாருந்தாம்மா."

அதற்கப்புறம் போன வீடுகளிலும் இதே பதில்தான். யாரைக் கேட்டாலும், 'மத்தவங்க போட மாட்டாங்கன்னு நெனச்சேன்.' அத்தனை பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, அத்தனை பேரும் போடாமல் விட்டிருக்கிறார்கள். கட்சி, ஜாதி, காசு என்று எத்தனை கணக்குப் போடுகிறோம்... இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைசியாகப் பக்கத்து வீட்டு செல்வி. கஸ்தூரியின் உயிர்த் தோழி. பிரசாரத்தில் வெயிலில் அலைந்து நோட்டீஸ் கொடுத்தவள். இங்கே எதற்கு வந்தோம் என்றே எனக்குப் புரியவில்லை. கஸ்தூரிக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"நீயாவது போட்டியா?" என்றாள்.

செல்வி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "இல்ல" என்றாள்.

"ஏன்?" என்றாள் கஸ்தூரி.

"கவுன்சிலராயிட்டேன்னா நீ அந்தாண்ட பூடுவே. உன் வூட்டு வாசல்ல நாலு பேரு நிப்பான். உன்ன பாக்க நானே வெயிட் பண்ணணும். தண்ணி வரலன்னா கவுன்சிலர் கைல சண்ட போடணும், கரண்ட் இல்லன்னா சண்ட போடணும்... நீயே கவுன்சிலரா கீறேன்னா, எங்க பக்கம் யாரு கீறா? சொல்லு."

கஸ்தூரி வெளியே வந்து விடுவிடுவென்று நடந்தாள். ஸ்டேஷன் வரை என்னோடு வந்தாள். ரயில் வரும்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரே கைவிட்டபோது அழாதவள்.

அப்புறம் இருவருக்கும் பேச்சில்லை என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை சந்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. மத்தியானம் ஆகியும் கரண்ட் வரவில்லை. பெண்கள் எல்லோரும் கஸ்தூரியின் கடை வாசலில் வந்து நின்றார்கள். செல்வி கடைசியில், தலை குனிந்தபடி.

கஸ்தூரி மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினாள். ஆனால் மின்வாரிய ஆபீஸ் போனதும், என்ஜினியர் மேஜைக்கு முன்னால் செல்வியைப் பிடித்துத் தள்ளினாள். "இன்னிக்கு நீ பேசு."

செல்விக்கு முதலில் குரலே வரவில்லையாம். பிறகு வந்த குரலை அடக்க முடியவில்லையாம். சாயங்காலம் விளக்கு எரிந்தது. இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

நேற்று கஸ்தூரி போன் செய்தாள். அடுத்த தேர்தலில் செல்வியை நிறுத்தப் போகிறாளாம். இன்னும் செல்விக்கே தெரியாதாம்.

"சரி, நீ அவளுக்குப் போடுவியா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு.

"அத்த எதுக்கு உன் கைல சொல்லணும்? ஓட்டு ரகசியம்க்கா."