உள்ளங்கை எடை

செந்துறையில் என் மூத்தவள் பிறந்தபோது நர்சம்மா அவளைத் துணியில் போட்டுத் தூக்குத் தராசில் மாட்டினார். இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.

"ரெண்டரையாவது இருக்கணும்மா. மாசமா இருக்கையில என்னத்தத் தின்ன?"

என்னத்தைத் தின்றேன்? ஏழாம் மாதத்திலிருந்து அரை வயிற்றுச் சோறுதான். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று தெருவே சொன்னது. நானும் நல்ல பெண்ணாகத் தட்டை நகர்த்தி வைத்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் பெற்றோம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடாக வை, இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் எழுப்பிப் பால் கொடு, வாராவாரம் கொண்டுவந்து எடை பார் என்றார் நர்சம்மா. எடை ஏறாவிட்டால் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம்.

எடை பார்க்க மட்டும் என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இத்தனைக்கும் கடலை மண்டியில் மூட்டைக்கு எடை போடுவதுதான் அவர் வேலை. "புள்ளைய நிறுத்தா கண்ணு பட்டுரும்" என்றார். ஊரார் மூட்டையை எல்லாம் நிறுப்பவர் சொந்தப் பிள்ளையை நிறுக்க மாட்டாராம்.

ஆனால் சாயங்காலம் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, அவளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொள்வார். "நேத்தைக்கு இன்னைக்கு அரைப் புடி கடலை கூட இருக்கா" என்பார். அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவேன். பாலும் நன்றாகச் சுரந்தது.

இருபதாம் நாள் நர்சம்மா பொறுக்க மாட்டாமல் தராசோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் தடுக்கவில்லை. "ரெண்டு கிலோ நூறு" என்று முந்திக்கொண்டார். தராசு முள்ளும் அங்கேதான் போய் நின்றது.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது தெருவின் யோசனை எதையும் அவர் வாசலைத் தாண்ட விடவில்லை. மூன்றாவது கரண்டிச் சோற்றையும் அவரே போட்டார். ஒருநாள் கேட்டேன்.

"மூத்தவ தெனம் ஏறுறத எப்படிங்க அவ்வளவு கரெக்டா சொன்னீங்க?"

"மொத ஒரு வாரம் ஏறலடி. கொறஞ்சுக்கிட்டேதான் இருந்தா. சொன்னா ஒனக்குப் பால் வத்திரும்னு சொல்லல. சாப்புடு."

பிறந்த பிள்ளை முதல் சில நாள் கொஞ்சம் இளைத்து, பிறகுதான் ஏறும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்த வாரம் முழுக்க மண்டியில் அவர் போட்ட எடை ஒன்றுகூடச் சரியாக இல்லை, எல்லா மூட்டையையும் மறுபடி நிறுத்தோம் என்று கூட வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.