பூஜை போட்டதும் பறந்துபோன பிழைகள்

எங்கள் அடையாறு ஆபீஸில் இன்று ஆயுத பூஜை. ஃபைல்களைப் பிரித்துச் சேமிக்கும் மூன்று சர்வர்களையும் அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அவற்றைத் தானாகச் சோதிக்கும் என் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க மறந்துவிட்டார்கள்.

சர்வரோடு தொடர்பு கிடைக்காவிட்டால் அந்த டெஸ்ட்டைத் தாண்டிப் போகும்படி சோதனை புரோகிராமை அமைத்து வைத்திருப்பவர் எங்கள் மேனேஜர். நேற்று நாற்பது பிழை காட்டிய ரிப்போர்ட், இன்று 'பிழை: பூஜ்யம்' என்றது.

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாப்பா? பூஜை போட்டதும் ஒரு ஃபெயில்கூட இல்ல!"

"சார், ஒரு டெஸ்ட்கூட ஓடல சார். சர்வரே ஆஃப்ல இருக்கு."

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாத."

ரிப்போர்ட், இந்த சர்வர்களை வாங்கப்போகும் கஸ்டமருக்கு ஃபேக்ஸில் போய்விட்டது.

'தயவுசெய்து சர்வரை ஆன் செய்யாமலே பயன்படுத்தவும்' என்று கஸ்டமருக்கு மரியாதையாக எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.