பாட்டிலில் ஊறும் பிரேக் ரப்பர்

என் வீட்டுக்காரரை இங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஊறுகாய்’ என்றால்தான் தெரியும். மலையடிவாரத்தில் பழைய ஜீப்புகளுக்கு பிரேக் வேலை பார்க்கிற மனிதருக்கு இப்படி ஒரு பேர் வந்ததற்கு என் சமையலறைதான் காரணம். நான் கழுவிக் கவிழ்த்து வைக்கிற கண்ணாடி பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய், பிரேக் ஆயிலை ஊற்றி, புது ரப்பர் கப் ஒன்றைப் போட்டு, பட்டறை ஜன்னலில் வைத்துவிடுவார். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும் அந்தக் கப். சக்கரத்துக்குள் ஆயில் கசியாமல் அடைத்துக்கொண்டு பிரேக்கைத் தள்ளுவது அதுதான்.

“எவனாவது ரப்பரை ஊறப்போட்டு உக்காந்திருப்பானா? வீட்ல ஒரு பாட்டில் மிஞ்சுதா?” என்று நான் கத்தாத வாரமில்லை. காதில் வாங்கினால்தானே!

ஆனால் காரணம் எனக்குத் தெரியும். இவருக்கு உயிருக்கு உயிரான கூட்டாளி ஒருவர் இருந்தார். மலைமேலிருந்து காய்கறி இறக்குகிற ஜீப்காரர். அவர் வண்டிக்கு இவர் கையால்தான் புது கப் மாட்டினார். டப்பா அசல் மாதிரி, முத்திரை அசல் மாதிரி, உள்ளே இருந்த ரப்பர் மட்டும் குப்பை. ஆயில் பட்டுப் பட்டு ஊதிப்போய், பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் அது உரசி உரசிச் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து, பிரேக் மிதி வெறுமனே தரைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஆயில் போகிற வழி ஒன்றுதான். ஒன்று போனால் எல்லாம் போச்சு. வண்டி பள்ளத்தில் உருண்டு, அவரும் போய்ச் சேர்ந்தார்.

நசுங்கிய வண்டியைப் பிரித்து அந்தக் கப்பை எடுத்ததும் இவர்தான். அன்றிலிருந்து, சும்மா உட்கார்ந்திருந்தாலும் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். சாப்பிடும்போது அழுத்தும், யாராவது வந்து பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தும். நான் தொடையில் தட்டினால்தான் நிறுத்துவார்.

அதன் பிறகு வந்த வழக்கம்தான் இந்த ஊறுகாய் வேலை. புது டப்பா வந்தால் அதிலிருந்து ஒரு கப் பாட்டிலுக்குப் போகும். சில நாள் கழித்தும் அது ஊதாமல் இருந்தால் டப்பாவில் உள்ளதெல்லாம் நல்லது என்று கணக்கு. “மத்ததையும் போட்டுப் பாக்க வேண்டாமா?” என்று ஒரு டிரைவர் கேட்டதற்கு, “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா” என்றார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும்தான்.

செத்துப்போன அந்தக் கூட்டாளியின் மகள் போன மாதம் வந்தாள். அப்பாவின் ஜீப்பை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, எஞ்சினை ஓடவைத்திருந்தாள். இனி அவளே காய்கறி இறக்கப் போகிறாளாம். கையில் ஒரு டப்பா.

“பிரேக் மட்டும் பாக்கி சித்தப்பா. நீங்கதான் போட்டுத் தரணும்.”

இவர் அந்த வண்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்தார். இருந்த பாட்டில் எல்லாவற்றையும் எடுத்தார். இந்த முறை ஒன்றை இல்லை, ஒவ்வொரு கப்பையும் ஊறப்போட்டார்.

“இதென்ன புதுசா?” என்றேன்.

“அவன் பொண்ணு இல்லையா” என்றார்.

அவள் திரும்பி வந்த அன்று மூன்று பேருமாகப் பாட்டில்களைத் திறந்தோம். முதல் கப் போட்டபடியே இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி பெருத்துக் கிடந்தது. இன்னொன்றும் அப்படித்தான். ஒரே டப்பா, ஒரே முத்திரை, நல்லதும் கெட்டதும் கலந்து!

“அவன் கை அழுகிப்போக, உருப்படுவானா அவன்!” என்று அந்த முகம் தெரியாத வியாபாரியை வாய் வலிக்கத் திட்டினேன்.

அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “நல்லவேளை சித்தப்பா, எல்லாத்தையும் போட்டீங்க.” கொஞ்சம் யோசித்தாள். “வழக்கமா ஒண்ணுதானே போடுவீங்க? அப்போ மத்த வண்டிங்க?”

அவளுக்குக் கபடமே இல்லை. இவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. என் தம்பி ஜீப்புக்கு சமீபத்தில்தான் இவர் கப் மாட்டியிருந்தார். தம்பி காலையிலேயே மேலே போயிருந்தான்.

போனை எடுத்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

“என்னக்கா? இறங்கிட்டிருக்கேன்.”

“ஓரமா நிறுத்துடா.”

“எதுக்கு? பிரேக் நல்லாத்தானே பிடிக்குது.”

“பிடிச்சா மட்டும் போதாதுடா, விடணும்! நிறுத்துடா சனியனே!”

நிறுத்திவிட்டான். இவர் அங்கேயே போய், ரோட்டோரத்திலேயே சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். அத்தனை கப்பும் நன்றாக இருந்தன. தம்பி சிரித்தான். “அக்கா போட்ட கூச்சல்ல எனக்கே உயிர் போயிடுச்சு மாமா!” இவர் சிரிக்கவில்லை. கெட்டது இங்கே இல்லையென்றால் வேறு யாருடைய சக்கரத்திலோ இருக்கிறது.

அந்தப் பெண்ணின் வண்டிக்கு ஒவ்வொன்றாகச் சோதித்த கப்புகளைப் போட்டுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தெருத்தெருவாகப் போகிறார். ஞாபகத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “சக்கரத்தை ஒரு தடவை கழட்டிப் பாத்துடறேன்” என்று கெஞ்சுகிறார். “என்ன ஊறுகாய், மூளை குழம்பிப் போச்சா?” என்று கேட்டவர்களும் உண்டு. கழற்றிய சிலவற்றில் ஊதிய கப் இருந்தது. அதைக் கையில் கொடுத்ததும் மற்ற சக்கரங்களை அவர்களே கழற்ற ஆரம்பித்தார்கள்.

இவர் கப் மாட்டிய ஒரு பச்சை ஜீப் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போவதற்காக யாரோ வாங்கிப் போனார்களாம். யார், எந்தப் பக்கம் என்று விற்றவனுக்கே தெரியவில்லை. இவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.