மாப்பிள்ளை வைத்த பத்தியக் குழம்பு

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, குடியாத்தத்தில் என் மாமியார் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த வாரம் அது. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்துக் கிடந்திருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வந்து தங்கப்போகிற அறையின் தலையணை உறைகளைத் துவைக்கப் போனவர், கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்துவிட்டார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற ஏற்பாடு அதோடு கவிழ்ந்தது. என் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மைத்துனன் மனைவிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், இப்போது எழுந்து நடக்க முடியாத மாமியார் வேறு. ஆம்பூரில் இருந்தது நாங்கள் இருவர்தான்.

"நான் சமைக்கிறேன்" என்றேன்.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களா? எனக்கு ஜுரம் வந்தப்போ ஒரு கஞ்சி வெச்சீங்களே, அந்தக் குண்டான இன்னும் தேச்சுக்கினுதான் இருக்கேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தோலை விரித்துக் கையால் ஒரு தடவு தடவினால் எங்கே தழும்பு, எங்கே தொய்வு என்று சொல்லிவிடுவேன். அடுப்பங்கரையில் எனக்குத் தெரிந்தது டீயும் ஆம்லெட்டும். பிரம்மச்சாரியாக இருந்த காலம் முழுக்கக் காலையில் கம்பெனி வாசலில் டீ, பன், இரவில் பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று ஓட்டியவன்.

பெண் குழந்தை பிறந்தது. வருஷம் முழுக்க வெறும் மணலாகக் கிடக்கிற பாலாற்றில் அந்த வாரம் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் அதுவும் ஒரு பிரசவத்துக்குச் சமமான செய்திதான். குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த நண்பர்கள் அப்படியே பாலத்துக்கும் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு, செல்போனில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: தாய் காய், கீரை, பழம், மீன் எல்லாம் சாப்பிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் கூடாது. அன்று மாலையே மாமியார் போனில் அழைத்தார். பூண்டு, மிளகு, சுக்கு, நல்லெண்ணெய், கருவாடு எல்லாம் போட வேண்டும், தண்ணீர் மட்டும் கம்மியாகக் குடிக்க வேண்டும் என்றார். நான் இரண்டுக்கும் நடுவில் விழித்தேன். என் மனைவி ஒரே பேச்சில் தீர்த்து வைத்தாள். "சோறு எங்கம்மா சொல்றது, தண்ணி டாக்டர் சொல்றது. கொழந்த வாயில யார் சொன்னாலும் எதுவும் வெக்கக் கூடாது. அவ்ளோதான்."

மாமியார் முன்பே வாங்கி வைத்திருந்த பத்தியச் சாமான் பை, மைத்துனன் பைக்கில் வந்து சேர்ந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், விரலி மஞ்சள், ஒரு முறம் கொள்கிற பூண்டு, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்திருந்தார்கள். எது திப்பிலி, எது ஓமம் என்று முகர்ந்து பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு ஒரே கூடமும் அதை ஒட்டிய சமையலறையும்தான். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த என் மனைவிக்கு அடுப்பு தெரியாது. ஆனால் அவளுக்குக் காதும் மூக்கும் போதுமாக இருந்தன.

"எண்ண காயறதுக்குள்ள இன்னா அவசரம்? கடுகப் போட்டுட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தமே வரலியே!"

கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பக் கம்மி பண்ணுங்க, பூண்டு கருகுது" என்பாள். எட்டிப் பார்த்தால் ஓரத்துப் பற்கள் அப்போதுதான் பழுப்பாகத் தொடங்கியிருக்கும். உரித்த பூண்டை நல்லெண்ணெயில் நிதானமாகச் சுருள வதக்க வேண்டும், மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், புளி பேருக்கு இருந்தால் போதும் என்று படுத்தபடியே என்னை நடத்தினாள்.

முதல் நாள் மிளகில் கணக்குத் தப்பிவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. நான் பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். அவளோ சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "சிரிப்பு மூட்டாதீங்க, தையல் இழுக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. சுடுசோறும் நெய்யும் நிறையப் போட்டு அந்தக் குழம்பை இருவருமாகத் தீர்த்தோம். மூன்று நாள் கழித்து வைத்த குழம்பில் அவள் தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினாள். அந்தத் தட்டை வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலம் என்பதால் கீரைக்குப் பஞ்சமே இல்லை. காற்றில் அடுத்த வீட்டு முருங்கை மரத்தின் கிளை முறிந்து எங்கள் சுவரின் மேல் சாய்ந்தது. வேலை முடிந்து வந்து, கொழுந்தாகப் பார்த்து உருவி, பூண்டு தட்டிப் போட்டு வதக்குவேன். சந்தையில் பிஞ்சுப் பீர்க்கங்காய் வந்திருந்தது. அதைப் பாசிப்பருப்போடு வேக வைத்தால் வேறு ஒன்றும் வேண்டாம். அவரைக்காய் வந்தபோது அவரைக்காய், சுரைக்காய் மலிந்தபோது சுரைக்காய். அந்தந்த வாரம் சந்தையில் எது குவிந்து கிடந்ததோ அதுவே எங்கள் வீட்டில் பத்தியம்.

இரண்டு சமையல் செய்ய எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அவளுக்கு வைத்ததையே நானும் சாப்பிட்டேன். விடுப்பு தீர்ந்து கம்பெனிக்குப் போனபோதும் டப்பாவில் அதுதான். முதல் நாள் மூடியைத் திறந்ததும் மேசை முழுக்கப் பூண்டு வாசனை எழுந்தது. என்னோடு வேலை செய்யும் கூட்டாளி, மழை தொடங்கியதிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பவர், நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, கொழந்த பெத்தது உம் பொண்டாட்டியா, நீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரே முதலில் கையை நீட்டி ஒரு கவளம் எடுத்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, "தோஸ்த், நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி எடுத்துனு வா" என்றார். அந்த வாரக் கடைசியில் என் பெயரே கம்பெனியில் 'பத்தியம்' என்றாகிவிட்டது. எனக்கும் ஒரு நன்மை நடந்திருந்தது. வருஷக் கணக்காகச் சாயங்காலமானால் நெஞ்சைக் கரித்துக்கொண்டு வருவது எப்போது நின்றதென்று நானே கவனிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டதாலா, பரோட்டாவை விட்டதாலா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளுக்குத் துணை அடுத்த வீட்டு உருது அம்மா; அண்ணி என்ற அர்த்தத்தில் தெருவே அவரை பாபி என்றுதான் கூப்பிடும். முருங்கை மரத்துக்குச் சொந்தக்காரர். மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். ஒரு நாள் என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா வேண்டும் என்று அழுதாள். பாபிதான் வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார். "பேஜாராவாதம்மா, எனக்கும் இப்டித்தான் ஆச்சி. ஆனா காச்சல் இருக்கு, டாக்டர் கைல காட்டிடணும்" என்று அவரே ஆட்டோவைக் கூப்பிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். டாக்டரம்மா ஒத்தடம் சரிதான் என்றார், மாத்திரை எழுதினார், குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது என்றார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இறங்கவில்லை.

அதையும் மழையே தீர்த்து வைத்தது. குடியாத்தத்தில் ஏரி நிரம்பி மாமியார் வீட்டுத் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மைத்துனன் போன் செய்து, "மாமா, முட்டிக்கால் அளவு தண்ணி. அம்மாவ வெச்சுக்கினு மாடி ஏற முடியாது" என்றான். "இங்க கூட்டினு வா" என்றேன். அன்று மதியமே ஒரு வேனில் மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாக மாமியார் வந்து இறங்கினார். மகளைக் கவனிக்க வேண்டியவர் மகள் வீட்டுக்கே நோயாளியாக வந்தார்.

பேத்தியை மடியில் வாங்கியதும் அவருக்கு வலி, வெள்ளம் எல்லாம் மறந்துபோயின. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் புதுச் சிக்கல் கிளம்பியது. மருமகன் எதிரில் அவர் சாப்பிட்டதே இல்லை. மருமகன் சமைத்து, மருமகன் கையால் தட்டு வாங்குவதென்றால்? முதல் வேளை, பசியில்லை என்று இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, அவரு இன்னா வேத்து ஆளா?" என்று என் மனைவி கோபித்தாள்.

"உனக்குத் தெரியாதுடி, நீ சும்மா இரு" என்றார் மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி.

இரவு நான் ஒரு வழி செய்தேன். முருங்கைக்கீரையும் பூண்டுக் குழம்பும் சோறும் தட்டில் போட்டு, கட்டிலருகே ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் சன்ஷேடுக்கு அடியில் நின்றேன். பாபி எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, உள்ள போவாம மழைல நிக்கறே?"

"அத்த சாப்புடுறாங்க."

பாபி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் வீட்டுக்குள் போய், தன் தட்டோடு வந்து, நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. நான் அழைக்கப்பட்டபோது இரண்டு தட்டுகளும் காலியாக இருந்தன. மாமியார் என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாபி எனக்கு ஆட்டுக்கால் சூப் வைக்கக் கற்றுக் கொடுத்தார். அதைக் குடித்தால் ஒடிந்த எலும்பு கூடுமோ கூடாதோ, மழைக் குளிருக்கு அதைப் போல ஒன்று கிடையாது. தீயில் வாட்டிச் சுத்தம் செய்த கால்களை இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லித்தூளோடு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் விட வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சூப்பும் வைத்தேன், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. மகள் குரல் அல்ல.

"மாப்ள..."

உள்ளே போனேன். மாமியார் தலையைக் குனிந்தபடி தட்டை லேசாக முன்னால் தள்ளினார்.

"அந்தக் கருவாட்டுக் கொழம்பு இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

சட்டியோடு கொண்டுவந்து வைத்தேன். எதிர்க் கட்டிலில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சும்மா இருடி" என்று அவளை அதட்டிவிட்டு, மாமியார் என் எதிரிலேயே சாப்பிட்டு முடித்தார். கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு உயிரோட இருந்தவரைக்கும் ஒரு வாட்டிகூட அடுப்பு மூட்டுனதில்ல, மாப்ள" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு களை கட்டிவிட்டது. மாலையில் நான் வரும்போது ஒரு கட்டிலில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். தரையில் பாபி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். என் மனைவி குழந்தைக்கு இளஞ்சூடான நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். மூவரும் ஊர்க்கதை பேசுவார்கள். நான் கைகால் கழுவி அடுப்படிக்குப் போனால் மூன்று பக்கத்திலிருந்தும் உத்தரவு வரும். ஒருவர் உப்பு என்பார், ஒருவர் புளி என்பார். மூவரும் ஒரே நேரத்தில் பேசினால் நான் எனக்குத் தோன்றியபடி செய்துவிடுவேன். அப்படிச் செய்த நாட்களில்தான் சமையல் நன்றாக இருந்ததாக எனக்கு ஒரு நினைப்பு.

மார்கழியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பொங்கலுக்கு எங்கள் எல்லோரையும் குடியாத்தத்துக்கு அழைத்துப் போனார் மாமியார். தெருவில் வெள்ளம் வந்த தடமே தெரியாமல் வெயில் அடித்தது. குழந்தையைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்தார்கள். "ஒடம்ப நல்லா தேத்திட்டியே, யாரு பாத்துக்கினா?" என்று என் மனைவியைக் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க மாப்ளதான். எனக்கும் அவருதான் ஆக்கிப் போட்டாரு" என்றார்.

நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அன்று பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு நான் வைப்பதாக ஏற்பாடு. தலையை நிமிர்த்தாமல் இன்னும் வேகமாக உரித்தேன்.