பெருக்கித் தள்ளிய பாத்தி

போன வருடம் பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். நான் ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் எட்டுப் பெண்களுக்கு ஒரே அறை. எல்லாருமே தெற்கத்திப் பிள்ளைகள்.

கம்பெனி பஸ் போகிற வழியில் ஒரு போர்டு உண்டு. ‘கூட்டுப் பண்ணை. மண்ணுக்கும் மனசுக்கும் வைத்தியம். பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு’ என்று எழுதி, மணிமங்கலம் பக்கம் அம்புக்குறி போட்டிருக்கும். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் மண்ணுக்கு என்ன வேலை? பிள்ளைகள் எதற்கு? எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தினமும் அந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்து மண்டை குடைந்தது.

அந்த நேரம் எங்கள் அறையில் ஒரு கஷ்டம். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், தை மாதம் அம்மாவைப் பறிகொடுத்தாள். காரியம் முடிந்த கையோடு ஷிஃப்ட்டுக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு சரியான தூக்கம் இல்லை, பேச்சும் இல்லை. லைனில் தப்பான பாகத்தைச் சரியென்று விட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகிறேன் என்று ஒரே பிடிவாதம். ஊரில் அவளுக்கு என்று இருந்தது அம்மா ஒருத்திதான். பூட்டிக் கிடக்கிற வீட்டில் போய்த் தனியாக என்ன செய்வாள்? அதனால் நாங்கள் ஏழு பேரும் முறைவைத்து அவள் கூடவே இருந்தோம். ஒரு நிமிடம் தனியாக விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சும்மா பாத்துட்டு வருவோம் வா” என்று அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவளுக்காகப் பாதி, என் மண்டைக் குடைச்சலுக்காகப் பாதி.

உள்ளூர்க்காரர்கள் சிலர் கம்பெனிகளுக்கு விற்காமல் வைத்திருந்த நிலத்தை ஒன்றாகச் சேர்த்த பண்ணை அது. ஒரு பக்கம் பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்து மண்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசு வைத்தியம் பார்க்கிற மேடம் புங்க மரத்தடியில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பண்ணையில் வேலை செய்கிற ஓர் அக்கா எங்களை வரவேற்றார். என்ன பிரச்சினை, யாருக்குப் பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மேடம் வர்ற வரிக்கும் இந்தக் கத்திரிப் பாத்தியப் பாத்துக்கினு இருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாத்துக்கினு இருங்க என்றால்? நான் பார்த்தேன். பாத்தி முழுக்க வைக்கோலும் காய்ந்த சருகும். நாற்று இருப்பதே சரியாகத் தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்றே தலையில் ஏற்றுகிற பாடம் ஃபைவ் எஸ். வேண்டாததை எடு, வேண்டியதை அடுக்கு, இடத்தைப் பளிச்சென்று வை என்று போகும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? மூலையில் ஒரு தென்னந்துடைப்பம் வேறு இருந்தது.

நான் பெருக்க, அவள் அள்ள, குப்பையெல்லாம் ஓரமாகக் குவிந்தது. இத்தனை நாள் பொம்மை போல இருந்தவள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதைப் பார்த்து எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நடுவில் நடக்க வழி விட்டு, ஓரத்தை நேராக வெட்டி, மண்ணை வழவழவென்று ஆக்கிவிட்டோம். கம்பெனித் தரையில் போடுவது போல மஞ்சள் கோடு ஒன்றுதான் போடவில்லை.

அந்த அக்கா திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யய்யோ! இன்னாம்மா பண்ணி வச்சிகிறீங்க ரெண்டு பேரும்? மூடாக்க மொத்தமா உருவிட்டீங்களே!”

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவரோ சிரித்துவிட்டார். “வுடு, நானும் வந்த புச்சுல இத்தான் பண்ணேன். என் கையும் கம்பெனி ஹவுஸ்கீப்பிங்ல இருந்த கையாச்சே. அது குப்ப இல்லம்மா, மண்ணுக்குப் போர்வ. அது கீழதான் ஈரம் நிக்கும், புழு பொயைக்கும்.”

வெயிலில் கத்திரி நாற்றுகள் தலை தொங்க ஆரம்பித்திருந்தன. நான் அசடு வழிந்துகொண்டே திரும்பினால், என் தோழி பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் மண்ணில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒரு கை வைக்கோலை எடுத்து மெதுவாக அதன்மேல் போட்டாள். போட்டவள் அப்படியே குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

“எனக்கு அழ ஒரு எடம் இல்லக்கா. கட்டில்ல படுத்தா ஏழு பேரும் எந்திரிச்சு வாறீங்க. பாத்ரூம்ல போய் அழுதா வெளிய லைன்ல நிக்கிறவுங்க கதவத் தட்டுறாங்க. எங்கம்மைக்காக நான் இன்னும் ஒரு தடவகூட ஒழுங்கா அழலக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. பாசம் என்று நினைத்து நாங்கள் அவளையும்தான் பெருக்கி வெட்டவெளியாக்கி வைத்திருந்தோம். அப்போதும் பாருங்கள், “அழாத” என்று சொல்லத்தான் என் கை நீண்டது. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வுடும்மா, அழுவட்டும். நீ வா, இத்த இஸ்து போடு.” அவள் அழுது முடிக்கும் வரை நாங்கள் இருவரும் வைக்கோலைத் திரும்பப் பரப்பினோம். பிறகு மேடம் வந்தார். என்னை எழுந்து போகச் சொன்னார். இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! இருந்தும் அன்று தள்ளியே நின்றேன்.

ஊருக்குப் போகிற பேச்சை அவள் உடனே விட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் பண்ணைக்குப் போனாள். அறையில் அவள் கட்டிலைச் சுற்றி ஒரு பழைய பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினோம். திரை மூடியிருந்தால் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஏனென்று கேட்கவும் கூடாது. ஒருநாள் காலை ஷிஃப்ட்டுக்கு நேரமாகியும் திரைக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை வந்தது. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ஒருத்தி பஸ்ஸை விட்டதற்காக நாங்கள் ஏழு பேரும் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனது அன்றைக்குத்தான்.

அவள் இன்னும் எங்கள் அறையில்தான் இருக்கிறாள். நாங்கள் பெருக்கிய பாத்தியில் காய்த்த கத்திரிக்காயைக்கூட ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போதும் யாராவது அழுதால் என் கை முதலில் நீளத்தான் செய்கிறது. ‘மூடாக்கு, மூடாக்கு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.