சிரிப்புக்கு விட்ட இடம்

அவர் படத்தொகுப்பாளர். இருபத்திரண்டாம் வயதில் ஒரு படக் கம்பெனியின் தொகுப்பறையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஐம்பத்தொன்பதாம் வயது வரை வேறெங்கும் வேலை பார்க்கவில்லை. மனைவி ஒருவர், மகள் ஒருத்தி. உயரம் சராசரிக்குச் சற்றுக் குறைவு. இடது காதைவிட வலது காது நன்றாகக் கேட்கும். தொகுத்த படங்கள் பதினேழு. பெயர் வாங்கித் தந்தவை மூன்று. அந்த மூன்றும் ஒரே இயக்குநருடையவை. மூன்றும் நகைச்சுவைப் படங்கள். நாட்டின் பொருளாதாரம் பிற்காலத்தில் என்ன கதிக்கு ஆளாகும் என்று கற்பனை செய்து கேலி பேசியவை. இதுவரை கம்பெனிப் பதிவேடும் வீட்டார் சொல்வதும் ஒத்துப்போகின்றன. இனி வருவதில் சில இடங்கள் ஒத்துப்போகவில்லை. அங்கெல்லாம் அவர் தம் வாயால் சொன்னதே கொள்ளப்பட்டிருக்கிறது.

கம்பெனியில் முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லோரும் அவரை ‘இடைவெளி’ என்றே அழைத்தார்கள். அது கேலிப் பெயர்தான். ஆனால் அவருடைய தொழில் திறமையே அதில் அடங்கியிருந்தது.

நகைச்சுவைப் படத்தில் ஒரு கேலி முடிந்த கையோடு அடுத்த வசனம் வந்துவிட்டால், அரங்கில் எழும் சிரிப்பில் அது அமுங்கிப்போகும். ஆகவே சிரிப்பு எழுந்து அடங்கும் வரை படம் காத்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் காத்திருந்தாலோ அசடு வழியும். எத்தனை நொடி காத்திருப்பது என்பதை இடைவெளி ஊகித்து வைப்பதில்லை. படம் வெளியாகும் முன் சிறு அரங்கொன்றை வாடகைக்கு எடுத்து, தெருவில் போகிற நூறு பேரை இலவசமாக உள்ளே அமர்த்தி, தாம் பக்கச் சுவரோரம் வலது காதை அரங்கின் பக்கம் திருப்பியபடி நின்றுகொள்வார். சிரிப்பு எழும்; உடையும்; தணியும். மூன்றில் ஒரு பங்காகத் தணிந்த நொடியில் அடுத்த காட்சி வர வேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு. ஒவ்வொரு சிரிப்பின் நீளத்தையும் குறித்துக்கொண்டு, அந்த நீளத்துக்கு ஏதாவது ஒரு முகத்தை நுழைப்பார். வரிசையில் நிற்பவரின் முகம், எழுத்தரின் பிடரி, மூடிய ஜன்னல், எதுவானாலும் சரி. இதற்காகவே இயக்குநர் படப்பிடிப்பின் முடிவில், “எல்லாரும் பத்து நொடி ஒண்ணும் பண்ணாம நில்லுங்க, நம்ம இடைவெளிக்கு வேணும்” என்று சொல்லித் தனியாகப் படம் பிடித்துத் தருவார்.

முதல் படம் வெளியானபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. அதன் கதை இருபத்தைந்து ஆண்டு கழித்து நடப்பது. அதில் ஒரு கடைக்காரர் ஏணியில் ஏறி நின்று விலைப்பலகையை ஓயாமல் மாற்றி எழுதுவார்; ரொட்டி வாங்க வந்தவர் வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் விலை ஏறிவிடும். மறுமுறை அவர் ஓடி வருவார். அந்த ஓட்டத்துக்கு மட்டும் ஒன்பது நொடி விட வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பம் அதில் உண்டு. மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் பையனின் தகப்பனார் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க பையனுக்கு மாசச் சம்பளம் அந்த மாசத்துலயே வந்துரும்!” என்பார். ஏழு நொடி. இரண்டாம் படத்தில் அரசாங்கம் கடனுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளை அயல்நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடும். மூன்றாம் படத்தில், வேலை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் அருங்காட்சியகம் திறப்பார்கள். அதன் காவலாளிப் பணிக்கு நாலாயிரம் பேர் விண்ணப்பிப்பார்கள். மக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதல் படத்தின் வெள்ளோட்டத்துக்கு ஐந்து வயது மகளையும் அழைத்துப் போயிருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததுதான் காரணம். அவளுக்குக் கேலி எதுவும் புரியவில்லை. ஆனால் அப்பா நொடிகளை எண்ணி விரலை மடக்கும் இடங்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, மூன்றாம் காட்சியில் தானும் சரியான இடத்தில் சரியான அளவு சிரித்துவிட்டாள்.

“அண்ணே, உங்க பொண்ணு தேறிட்டா. நாளையிலேர்ந்து நீங்க வீட்ல இருங்க” என்றார் படம் ஓட்டுபவர்.

அவள் வளர்ந்து அதே கம்பெனியின் ஒலிப்பதிவுப் பிரிவில் சேர்ந்தாள். அதற்குள் கம்பெனி தேய்ந்துவிட்டது. மூன்று படங்களின் இயக்குநர் நான்காவது படத்துக்குக் கதை வசனம் எழுதி முதலாளியிடம் கொடுத்த கையோடு காலமாகிவிட்டார். கட்டுப் பிரிக்கப்படாமல் அது அலமாரியில் கிடந்தது. ஒலிப்பதிவுப் பிரிவில் ஏழு பேர் இருந்த இடத்தில் மகள் மட்டும் எஞ்சினாள். அயல்நாட்டு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. போய்ச் சேர நான்கு மாதத் தவணை.

அவர் மகளைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் தகுதி தமக்கு இல்லை என்று நினைத்தார். சாப்பிடும்போது மட்டும், “அங்க ரொம்பக் குளிருமாமே” என்று தினமும் ஒருமுறை சொன்னார்.

“இவரு ஒருத்தரு, குளிரைத் தவிர வேற பேச்சே கிடையாது” என்றார் மனைவி. “போகாதேன்னு சொல்றதுன்னா சொல்லிடுங்களேன். அவ என்ன கடிச்சா தின்னுடுவா?”

மகள்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “அப்பா, எனக்கும் போகணும்னு ஆசையில்ல. நாலாவது படம் ஆரம்பிச்சா இங்கயே ரெண்டு வருஷ வேலை இருக்கு. ஆரம்பிச்சா இருக்கேன். இல்லன்னா என்னைத் தடுக்காதீங்க.”

அன்று முதல் அந்த வீட்டில் மூவருக்கும் நினைப்பு ஒன்றுதான்.

முதலாளிக்கு யோசனை தோன்றியது அந்த மாதத்தில்தான். “யோவ் இடைவெளி, முதல் படம் எந்த வருஷத்துல நடக்கிற கதை? இந்த வருஷம்யா! இந்த வருஷமேதான்! படத்தை அப்படியே திரும்ப இறக்குவோம். ஓடுச்சுன்னா அந்தக் காசுல நாலாவது படத்துக்குப் பூஜை போட்டுடலாம். ஓடலைன்னா நான் கடையைக் கட்டுறேன், நீ வீட்டுக்குப் போ.”

“ஒரு சந்தேகம் இருக்குங்க” என்றார் இடைவெளி. “அப்ப சிரிச்ச இடத்துல இப்ப சிரிப்பாங்களான்னு தெரியல. சிரிக்கலைன்னா நான் விட்ட இடமெல்லாம் காலியா நிக்கும். வேணும்னா எல்லாத்தையும் வெட்டி இறுக்கமா தந்துடட்டுமா? கேலி மாதிரி இல்லாம, நடக்கிறதை நடக்கிற மாதிரியே காட்டுற படமா இருக்கும்.”

“நீயே பாத்து முடிவு பண்ணு. ஆனா நூறு பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்க எங்கிட்டப் பணம் இல்ல.”

வெட்டுவதா வைப்பதா என்பதை இடைவெளியால் தனியாகத் தீர்மானிக்க முடியவில்லை. ஒவ்வொரு காட்சியும் மனப்பாடமாக இருந்த படத்தைப் பார்த்து அவருக்கு எப்படிச் சிரிப்பு வரும்? நூறு பேருக்குப் பதிலாக ஒருத்தியை அமர்த்தினார். ஒரு காலை, பத்துக்கு எட்டடி தொகுப்பறையில் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, தாம் சுவரோரம் நின்று, வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

“தயவுதாட்சண்யம் பாக்காத. வந்தா சிரி, இல்லன்னா சும்மா இரு” என்றார்.

“சரிப்பா.”

ஏணிக் கடைக்காரர் வந்தார். மகள் சிரித்தாள். ரொட்டிக்காரர் ஓடினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எழுந்தது, உடைந்தது, மூன்றில் ஒரு பங்காகத் தணிந்தது, அடுத்த காட்சி வந்தது. மாப்பிள்ளை வீட்டில் சிரித்தாள். படம் முழுவதும் நாற்பத்தாறு இடைவெளிகள், நாற்பத்தாறிலும் சிரித்தாள். எதிலும் ஒரு நொடி முந்தவில்லை, பிந்தவில்லை. எந்த அரங்கிலும் எந்த நூறு பேரும் அவ்வளவு துல்லியமாகச் சிரித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாற்பது சிரித்தால் ஆறு பொய்க்கும். அதுதான் உயிருள்ள சிரிப்புக்கு அடையாளம் என்று உதவியாளர்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அன்று அது அவர் நினைவுக்கு வரவில்லை. விளக்கைப் போட்டார். மகளின் கண்ணில் நீர் இருந்தது. அதையும் சிரிப்பின் கணக்கிலேயே சேர்த்தார்.

“பொண்ணு எல்லா இடத்துலயும் சிரிச்சா. வெட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும்” என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் பகல் காட்சிக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். அந்த ஆண்டில் அந்த அரங்குக்கு அது பெருங்கூட்டம். முதலாளி புதுச்சட்டையில் வந்திருந்தார். மகள் பின்வரிசையில் அம்மாவோடு அமர்ந்தாள். இடைவெளி சுவரோரம் நின்றார்.

ஏணிக் கடைக்காரர் விலையை மாற்றி எழுதினார். அரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர் ஓடினார். பிறகு ஒன்பது நொடிக்கு மேசைக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் எதுவும் செய்யாமல் நின்றாள். அந்த ஒன்பது நொடியில் யாரோ இருமியது மட்டும் கேட்டது.

“இன்னும் ஏணி வச்சு எழுதுறாங்க பாரு” என்றார் நடுவரிசையில் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். வரிசையில் நிற்கும் குடும்பத்தின் கூலி திரையில் சொல்லப்பட்டபோது, “ரொம்பக் கம்மியா வாங்குறாங்க” என்று ஒரு பெண்குரல் கேட்டது. சம்பளம் அந்த மாதமே வரும் என்று தகப்பனார் நெஞ்சை நிமிர்த்தியபோது, “நல்ல இடம்” என்றார் ஓர் அம்மாள், மனதார. அதன் பின் ஏழு நொடி, பெண்வீட்டார் நால்வரும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அரங்கிலும் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

யாரும் எழுந்து போகவில்லை. யாராவது ஏசியிருந்தால்கூட இடைவெளிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாதிப் படத்தில் அவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்திருந்தாள். அடுத்த கேலிக்கு அவள் தனியாகச் சிரித்தாள். அந்தப் பெரிய அரங்கில் ஒரே ஒரு சிரிப்பு. முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி, உடம்புக்கு என்னவோ என்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது ஒருவர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல படம்ங்க. உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கீங்க. எந்த ஆபீஸ்ல எடுத்தது? மூணாவது கவுண்டர்ல இருக்கிற ஆளு அசல் எங்க மச்சான் மாதிரியே இருக்காரு.” சற்றுத் தயங்கி, “கொஞ்சம் இழுவை” என்றார்.

முதலாளி இடைவெளியின் பக்கம் திரும்பினார். “இழுவையாம்யா. கேட்டுக்கிட்டியா?”

“கேட்டுச்சுங்க.”

“உன் பொண்ணு சிரிச்சான்னு சொல்லி அனுப்பினியே.”

“ஆமாங்க, சிரிச்சா.”

மூன்றாம் நாள் படம் அரங்கிலிருந்து தூக்கப்பட்டது. நான்காவது படத்தின் கட்டு பிரிக்கப்படவேயில்லை.

முதல் காட்சி முடிந்த அன்று மாலை பேருந்தில் அப்பாவும் மகளும் ஒரே இருக்கையில் வந்தார்கள். மனைவி முன்னால் தனியாக இருந்தார். நான்கு நிறுத்தம் கழித்து அப்பா கேட்டார்: “அன்னிக்கு எதுக்கு சிரிச்ச?”

“நீங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்கப்பா. நான் என்ன பண்றது?”

“ஒரு இடத்துலகூடச் சிரிப்பு வரலையா?”

“வரலை. அழுகைதான் வந்துச்சு. அதை எப்படி உங்ககிட்டச் சொல்றது?”

“சொல்லியிருந்தா வெட்டியிருப்பேன்.”

“வெட்டியிருந்தா ஓடியிருக்குமா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “தெரியலம்மா. இழுவைன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. படம் பிடிச்சுத்தான் இருந்துச்சு அவங்களுக்கு.”

தன் சிரிப்பால்தான் எல்லாம் கெட்டது என்று அவளும், மகளைச் சோதனைக்கு உட்காரவைத்ததால்தான் கெட்டது என்று அவரும் நினைத்தார்கள். இருவரும் மற்றவரைச் சமாதானப்படுத்த முயலவில்லை. அதற்குத் தேவையான ஒரு பொய்யைச் சொல்ல இருவருக்கும் அப்போது துணிவில்லை.

கம்பெனி மூடுவதற்கு இரண்டு வாரம் இருந்தது. யாரும் கேட்காமலே அவர் தொகுப்பறையில் உட்கார்ந்து நாற்பத்தாறு இடைவெளிகளையும் ஒவ்வொன்றாக வெட்டினார். எழுத்தரின் பிடரி போயிற்று, மூடிய ஜன்னல் போயிற்று, மேசைக்குப் பின் நின்ற பெண் போனாள். படம் நான்கு நிமிடம் குறைந்தது. ஒருவரோடொருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகும் மனிதர்களாக எல்லோரும் மாறிவிட்டார்கள். இறுக்கமாக, கச்சிதமாக, கேலி என்று சந்தேகிக்கவே இடமில்லாத படமாக அது அமைந்தது. அவர் தொகுத்ததில் அதுவே சிறந்ததாக இருக்கலாம். ஆனால் பார்த்து ஒப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. அறையைக் காலி செய்தவர்கள் கணினிகளைப் பெட்டியோடு ஏற்றிச் சென்றபோது அதுவும் போயிற்று.

மகள் தவணை முடிய ஐந்து நாள் இருக்கையில் புறப்பட்டாள். அம்மா பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கினார். அப்பா குளிரைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் டாக்ஸி நின்றபோது, “போய்ச் சேந்ததும் பேசு” என்றார்.

“பேசுறேம்ப்பா. நீங்க ஏதாவது வேலை பாருங்க. சும்மா உக்காந்திருக்காதீங்க.”

“பாக்குறேன்.”

பார்க்கவில்லை. அந்த வயதில் அந்தத் தொழிலுக்கு ஊரில் வேலை இல்லை. மகள் வாரந்தோறும் பேசுகிறாள். ஒருமுறை வந்து ஒன்பது நாள் தங்கினாள். திரும்பி வந்து வாழும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

அவள் போய்ப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது.